எஸ் போடலாமா, வேண்டாமா? ஆங்கிலத்தில் ஒருமை பன்மை தடுமாறும்போது

இரண்டு இட்லி, மூன்று டிக்கெட், பத்து வாழைக்காய். தமிழில் இப்படித்தான் கேட்கிறோம். "இரண்டு இட்லிகள் கொடுங்கள்" என்றால் பரிமாறுகிறவர் ஒரு கணம் நிமிர்ந்து பார்ப்பார். எண்ணைச் சொன்ன பிறகு பெயருக்கும் பன்மை போட வேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை. எண் இல்லாத இடத்திலும் இல்லை. "மாடு வந்தது", "மாடு வந்தன" இரண்டுமே நல்ல தமிழ். ஒன்றா பலவா என்பதை வினை சொல்லிவிடும். மாடு மாடாகவே நிற்கும். இந்த வகைச் சொற்களுக்கு நன்னூல் பால்பகா அஃறிணைப் பெயர் என்றே பெயர் வைத்திருக்கிறது.

ஆங்கிலப் பெயர்ச்சொல்லுக்கு அந்தச் சலுகை மிகக் குறைவு. வாயை விட்டு வெளியே வரும்போதே அது ஒன்றா, பலவா, அல்லது எண்ணவே கூடாததா என்று சொல்லிக்கொண்டுதான் வர வேண்டும். மாலை வகுப்பில் நான் திருத்துகிற நோட்டுகளில் சிவப்பு மை அதிகம் விழுவது இந்த இடத்தில்தான். பிள்ளைகள் அதைத் தங்கள் மூளைக் குறைபாடாக நினைத்து வாடிப்போகிறார்கள். எனக்கு அது பொறுக்காது. தமிழ் நன்றாகப் பழகிய காது செய்கிற வேலை அது. காரணம் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் திருத்துவது கடினமில்லை.

அதனால் இங்கே விதிகளை வரிசையாக வைக்கவில்லை. பிழை எந்த முகத்தோடு வருகிறதோ அந்த முகத்தை வைத்துத் தேடுங்கள். ஆங்கில வாக்கியங்களையும் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன். கண்ணால் மேயாமல் வாய்விட்டுப் படியுங்கள்.

எதற்கும் முன்னால் ஒரு சோதனை

எழுதி முடித்த வாக்கியத்தில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லின் மேலும் பென்சில் முனையை வையுங்கள். அந்தச் சொல் மொட்டையாக நிற்கிறதா என்று பாருங்கள். மொட்டை என்றால், முன்னால் ஏ, ஆன், தி, மை, திஸ் போன்ற எதுவும் இல்லை. பின்னால் எஸ்ஸும் இல்லை. "ஐ பாட் புக்." "ஷி இஸ் டீச்சர்." "வீ சா எலிஃபண்ட்." எண்ணக்கூடிய பொருள் ஆங்கிலத்தில் இப்படி நிற்கக் கூடாது. ஒன்று என்றால் முன்னால் ஏதாவது ஒன்று வேண்டும்: "ஐ பாட் ஏ புக்." பல என்றால் பின்னால் எஸ் வேண்டும்: "ஐ பாட் புக்ஸ்."

மொட்டையாக நிற்கும் உரிமை ஆள் பெயர், ஊர்ப் பெயர்களுக்கும், தண்ணீர், அரிசி, பொறுமை போல ஆங்கிலம் எண்ணாமல் விட்ட பொருள்களுக்கும்தான் உண்டு. "பை பஸ்", "அட் ஹோம்", "டு ஸ்கூல்" மாதிரி உறைந்துபோன சில தொடர்கள் விலக்கு. அவற்றை அப்படியே மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான். கீழே வரும் பிழைகளில் பலவற்றை இந்த ஒரு சோதனையே பிடித்துக் கொடுத்துவிடும்.

"ஐ லைக் டாக்" என்றதும் எதிரில் இருப்பவர் முகம் மாறுகிறது

"எனக்கு நாய் பிடிக்கும்" என்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் இதுதான் வரும். கேட்கிறவர் காதில் விழுவதோ "எனக்கு நாய்க்கறி பிடிக்கும்." காரணம் இருக்கிறது. உயிருள்ள, எண்ணக்கூடிய ஒன்றை மொட்டையாக விட்டால் ஆங்கிலம் அதைப் பொருளாக, தின்பண்டமாக, குழம்பில் கிடக்கும் துண்டாக எடுத்துக்கொள்ளும். "ஐ லைக் சிக்கன்" என்றால் கோழிக்கறி. "ஐ லைக் சிக்கன்ஸ்" என்றால் முற்றத்தில் மேயும் கோழிகள். ஒரு எஸ் அந்தக் கோழிக்கு உயிர் கொடுக்கிறது.

பொதுவாக ஒரு இனத்தைப் பற்றிப் பேசும்போது தமிழ் ஒருமையைத் தேடும். ஆங்கிலம் பன்மையைத் தேடும். இது ஒன்றை மட்டும் நினைவில் வைத்தால் போதும். "எனக்கு நாய் பிடிக்கும்" என்பது "ஐ லைக் டாக்ஸ்." "அவளுக்குப் பாம்பு என்றால் பயம்" என்பது "ஷி இஸ் அஃப்ரெய்ட் ஆஃப் ஸ்நேக்ஸ்." "அவர் கார் விற்கிறார்" என்பது, அதுதான் தொழில் என்றால், "ஹி செல்ஸ் கார்ஸ்." பள்ளிக் கட்டுரையில் தலைமுறை தலைமுறையாக வரும் பசுவுக்கும் இதே மருந்துதான். "கௌ இஸ் ஏ டொமெஸ்டிக் அனிமல்" என்று தொடங்கினால் பசு மொட்டையாக நிற்கிறது. "தி கௌ இஸ் ஏ டொமெஸ்டிக் அனிமல்" சரி. "கௌஸ் ஆர் டொமெஸ்டிக் அனிமல்ஸ்" இன்னும் இயல்பு. இந்த இரண்டாவதில் கடைசிச் சொல்லும் பன்மையாக மாறியதைக் கவனியுங்கள். அங்கேதான் பலர் பாதி வழியில் நின்றுவிடுகிறார்கள்.

மாம்பழம் கொஞ்சம் வேறு. "ஐ லைக் மேங்கோஸ்" என்றால் பழங்கள் பிடிக்கும். "ஐ லைக் மேங்கோ" தவறில்லை. அந்தச் சுவை, அறுத்து வைத்த துண்டு, ஐஸ்கிரீமில் கலந்தது என்று போகும். வெங்காயமும் இப்படித்தான். சந்தையில் வாங்குவது "டூ கிலோஸ் ஆஃப் ஆனியன்ஸ்." நறுக்கி வாணலியில் போட்ட பிறகு "ஆட் சம் ஆனியன்." முழுதாக இருந்தவரை எண்ணினோம், கத்தி பட்டதும் எண்ணுவதை விட்டோம். மளிகைப் பட்டியல் எழுதிப் பார்ப்பது நல்ல பயிற்சி: தக்காளி, உருளைக்கிழங்கு, பீன்ஸ், முட்டை இவற்றுக்கு எஸ் உண்டு, அரிசி, சர்க்கரை, கோதுமை, உப்பு இவற்றுக்கு இல்லை. சின்னதாக இருப்பதால் எண்ணவில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பருப்பை "டால்" என்றால் எஸ் இல்லை. அதே பருப்பை "லென்டில்ஸ்" என்றால் எஸ் வேண்டும். டப்பாவுக்குள் இருப்பது ஒன்றேதான். எது எண்ணப்படும் என்பதைச் சொல்லோடு சேர்த்தே படிக்க வேண்டும், பொருளைப் பார்த்து ஊகிக்க முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குக் கிடைத்ததில்லை.

"ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்"

நேர்முகத் தேர்வுக்குத் தயாராகி வருகிறவர்கள் முதல் ஐந்து நிமிடத்துக்குள் சொல்லிவிடும் தொடர் இது. "ஒன் என்று சொல்லியாயிற்றே மேடம், ஒருத்தன்தானே?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பேச்சில் நாம் "என் ஃப்ரெண்ட் ஒருத்தன்" என்கிறோம்; அங்கே ஃப்ரெண்ட் ஒருமை. அந்த வாக்கியம்தான் மண்டைக்குள் ஓடுகிறது. எழுத்துத் தமிழில் அதையே சொல்லிப் பாருங்கள்: "என் நண்பர்களில் ஒருவன்." கள் தானாக வந்து உட்கார்ந்துவிட்டது. கூட்டம் இருந்தால்தானே அதிலிருந்து ஒருவனைப் பிரிக்க முடியும்?

ஆகவே "ஒன் ஆஃப்" வந்தால் அடுத்து வரும் பெயர் எப்போதும் பன்மை, வினை எப்போதும் ஒருமை. "ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ் வொர்க்ஸ் இன் திருச்சி." "சென்னை இஸ் ஒன் ஆஃப் தி பிகஸ்ட் சிட்டீஸ் இன் இந்தியா." வாய் தடுக்கினால், முதலில் "நண்பர்களில்", "நகரங்களில்" என்று மனத்துக்குள் எழுத்துத் தமிழில் சொல்லிவிட்டு ஆங்கிலத்துக்கு வாருங்கள். "ஈச் ஆஃப்", "ஐதர் ஆஃப்", "நைதர் ஆஃப்" எல்லாம் இந்தக் குடும்பம்தான். பின்னால் கூட்டம் நிற்கும்.

ஆஃப் போய்விட்டால் கதை மாறும். "ஈச் ஸ்டூடண்ட்", "எவ்ரி ஸ்டூடண்ட்", "அனதர் ஸ்டூடண்ட்." மூன்றும் ஒருமை. "எவ்ரி ஸ்டூடண்ட்ஸ்" என்பது நான் அன்றாடம் அடித்துத் திருத்துகிற பிழை. "ஒவ்வொரு மாணவர்களும்" என்று தமிழிலேயே தவறாக எழுதும் வழக்கம் பரவிவிட்டது; அது ஆங்கிலத்துக்கும் ஏறிப்போகிறது. "ஒவ்வொரு மாணவரும்" என்று தமிழைத் திருத்தினால் ஆங்கிலமும் கூடவே திருந்தும்.

எண் வந்தால் எங்கே எஸ், எங்கே எஸ் இல்லை

எண்ணுக்குப் பின் பெயர் வந்தால் எஸ் வேண்டும் என்று சொல்லிக் கொடுத்த மறுநாளே நோட்டில் "டென் இயர்ஸ் ஓல்ட் பாய்" வந்து நிற்கும். சொல்லிக் கொடுத்தவர் மேல்தான் தவறு; பாதியைத்தான் சொல்லியிருக்கிறார்.

எண்ணும் பெயரும் சேர்ந்து இன்னொரு பெயருக்கு அடைமொழியாகப் போய் ஒட்டிக்கொண்டால் எஸ் உதிர்ந்துவிடும். பையனுக்குப் பத்து வயது: "தி பாய் இஸ் டென் இயர்ஸ் ஓல்ட்." பத்து வயதுப் பையன்: "ஏ டென்-இயர்-ஓல்ட் பாய்." ஐந்து ரூபாய்: "ஃபைவ் ருபீஸ்." ஐந்து ரூபாய் நாணயம்: "ஏ ஃபைவ்-ருபீ காயின்." நடுவில் சின்னக் கோடு போட்டு எழுதுவது வழக்கம். ஷூ விற்கும் கடை "ஷூ ஷாப்", பல் துலக்கும் பிரஷ் "டூத்பிரஷ்" என்பதும் இதே காரணத்தால்தான். அத்தனை பல்லையும் துலக்கினாலும் "டீத்பிரஷ்" ஆகாது. "ஸ்போர்ட்ஸ் டே", "சேவிங்ஸ் அக்கவுண்ட்" போன்றவை இதற்கு அடங்காதவை. அவை கொஞ்சம்தான்.

விண்ணப்பத்தில் "ஃபைவ் இயர் எக்ஸ்பீரியன்ஸ்" என்று எழுதுகிறவர்களுக்குப் பத்திரமான வடிவம் "ஃபைவ் இயர்ஸ் ஆஃப் எக்ஸ்பீரியன்ஸ்." இதில் தவறு நேர வழியே இல்லை.

நூறு, ஆயிரம் என்று திட்டமான எண்ணாக வரும்போது எஸ் வேண்டாம்: "டூ ஹண்ட்ரட் ருபீஸ்." திட்டமில்லாமல் நூற்றுக்கணக்கில் என்றால் "ஹண்ட்ரட்ஸ் ஆஃப் பீப்பிள்." கிலோகிராமைச் சுருக்கிக் கேஜி என்று எழுதும்போது பின்னால் எஸ் சேர்க்காதீர்கள். அளவைக் குறியீடுகளுக்குப் பன்மை கிடையாது என்பது உலக அளவை முறையின் விதி. ஒரு கிலோவானாலும் ஐம்பது கிலோவானாலும் அதே இரண்டெழுத்துதான். பூஜ்யம் பன்மை எடுக்கும்: "ஜீரோ மார்க்ஸ்", "ஜீரோ டிகிரீஸ்." ஒன்றரையும் பன்மை: "ஒன் அண்ட் ஏ ஹாஃப் அவர்ஸ்." அரை மணி நேரம் மட்டும் "ஹாஃப் அன் அவர்."

பணம், தூரம், காலம் ஆகியவற்றை மொத்தத் தொகையாகப் பேசும்போது பெயரில் எஸ் இருந்தாலும் வினை ஒருமை. "ஃபைவ் ஹண்ட்ரட் ருபீஸ் இஸ் இனஃப்." "டென் கிலோமீட்டர்ஸ் இஸ் ஏ லாங் வே." ஐந்நூறு தனித்தனி ரூபாயை நீங்கள் எண்ணிக் கொடுக்கவில்லை, ஒரு தொகையைச் சொல்கிறீர்கள்.

"இன்ஃபர்மேஷன்ஸ்", "ஃபர்னிச்சர்ஸ்", "அட்வைசஸ்"

அலுவலகக் கடிதங்களில் நான் அதிகம் பார்க்கும் பிழை இதுதான். இங்கேயும் தமிழ்தான் வேர். தகவல்கள், அறிவுரைகள், கருவிகள், செய்திகள் என்று நமக்குக் கள் கூச்சமில்லாமல் ஒட்டும். ஆங்கிலம் இவற்றைக் கடலை மாவு மாதிரி ஒரு குவியலாகப் பார்க்கிறது. குவியலை எண்ண முடியாது, அள்ளத்தான் முடியும்.

அடிக்கடி தேவைப்படும் குவியல் சொற்கள்: இன்ஃபர்மேஷன், அட்வைஸ், ஃபர்னிச்சர், லக்கேஜ், எக்விப்மென்ட், ஹோம்வொர்க், ஸ்டேஷனரி, சாஃப்ட்வேர், ஃபீட்பேக், டிராஃபிக், ஜுவல்லரி, சீனரி. இவற்றுக்கு எஸ்ஸும் கிடையாது, முன்னால் ஏ, ஆன் கிடையாது. "ஹி கேவ் மீ ஆன் அட்வைஸ்" என்பதும் பிழைதான். அதை யாரும் கவனிப்பதில்லை. "மெனி" வராது, "மச்" வரும். இரண்டிலும் சந்தேகமாக இருந்தால் "ஏ லாட் ஆஃப்" போட்டுவிட்டுப் போய்விடலாம், அது எல்லாவற்றோடும் ஒத்துப்போகும்.

எண்ணியே ஆக வேண்டும் என்றால் முகந்து எடுக்க ஒரு கரண்டி வேண்டும். "ஏ பீஸ் ஆஃப் அட்வைஸ்", "த்ரீ பீசஸ் ஆஃப் லக்கேஜ்", "ஏ லோஃப் ஆஃப் பிரெட்." எஸ் கரண்டியில் ஏறும், குவியலில் ஏறாது. இன்னொரு வழி, எண்ணக்கூடிய தோழிச் சொல்லைப் பிடிப்பது: லக்கேஜுக்குப் "பேக்ஸ்", ஃபர்னிச்சருக்குச் "சேர்ஸ் அண்ட் டேபிள்ஸ்", ஹோம்வொர்க்குக்கு "அசைன்மென்ட்ஸ்", ஜாப் இருக்கும்போது "வொர்க்ஸ்" எதற்கு?

"ஸ்டாஃப்" தனியாகச் சொல்லப்பட வேண்டியது. "நான் இங்கே ஸ்டாஃப்" என்று தமிழில் சொல்கிறோம். அதிலிருந்து "ஐ ஆம் ஏ ஸ்டாஃப்" வருகிறது, "டென் ஸ்டாஃப்ஸ்" வருகிறது. ஸ்டாஃப் என்பது ஊழியர் கூட்டம் முழுவதற்கும் பெயர். ஒருவர் என்றால் "ஏ மெம்பர் ஆஃப் தி ஸ்டாஃப்." "அல்ஃபபெட்" கதையும் இதுவே. இருபத்தாறு எழுத்தும் சேர்ந்ததுதான் அல்ஃபபெட், ஒரு எழுத்து "லெட்டர்." "தேர் ஆர் ட்வென்டி-சிக்ஸ் லெட்டர்ஸ் இன் தி இங்கிலிஷ் அல்ஃபபெட்."

ஒரு சொல்லில் மட்டும் தமிழ் நமக்குக் கைகொடுக்கிறது. "முடி கொட்டுகிறது" என்கிறோம், "முடிகள் கொட்டுகின்றன" என்பதில்லை. ஆங்கிலமும் அப்படியே: "மை ஹேர் இஸ் ஃபாலிங்." சோற்றில் கிடந்த ஒரு மயிரிழையைக் காட்டும்போது மட்டும் "ஏ ஹேர்", இரண்டு கிடந்தால் "டூ ஹேர்ஸ்."

எஸ் ஏறியதும் வேறு பொருளே ஆகிவிடும் சொற்களிடம் எச்சரிக்கை வேண்டும். பேப்பர் காகிதம், பேப்பர்ஸ் ஆவணங்கள். கஸ்டம் பழக்கம், கஸ்டம்ஸ் சுங்கம். டேமேஜ் சேதம்; டேமேஜஸ் நீதிமன்றம் வாங்கித் தரும் நஷ்ட ஈடு. விபத்து பற்றிய புகாரில் வண்டிக்கு ஏற்பட்ட சேதத்தை "டேமேஜஸ்" என்று எழுதினால் படிக்கிறவர் இழப்பீட்டுத் தொகையைத் தேடுவார். மேனர் விதம், மேனர்ஸ் மரியாதை. மினிட் நிமிடம், மினிட்ஸ் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பும் ஆகும்.

"திஸ் புக்ஸ்", "தேர் இஸ் மெனி பிராப்ளம்ஸ்"

பெயரில் எஸ் சரியாக இருக்கிறது, சுற்றியிருப்பது கூட வரவில்லை. தமிழில் "இந்த" மாறுவதே இல்லை: இந்தப் புத்தகம், இந்தப் புத்தகங்கள். "இருக்கு" என்பதும் பேச்சில் மாறாது: ஒரு பிரச்சினை இருக்கு, நிறையப் பிரச்சினை இருக்கு. ஆங்கிலத்தில் இரண்டுமே மாறும். ஒன்றுக்கு திஸ், தட், தேர் இஸ். பலவற்றுக்கு தீஸ், தோஸ், தேர் ஆர். சொல்லத் தொடங்கும்போதே கடைசிச் சொல் என்ன என்று தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் இதில் சிரமம். பேச்சில் தடுமாறினால் கவலை வேண்டாம். எழுத்தில் பின்னாலிருந்து முன்னால் திருத்துங்கள்: முதலில் பெயர், பிறகு அதன் முன்னால் இருப்பது.

"ஹௌ மெனி பிரதர் டு யூ ஹேவ்?" என்பதும் இந்த வகை. "எத்தனை தம்பி?" தமிழுக்குப் போதும். ஆங்கிலத்தில் ஹௌ மெனி என்றதுமே பன்மை வந்தாக வேண்டும், பதில் ஒன்றும் இல்லை என்றாலும்.

எஸ்ஸை எங்கேயோ வைக்க வேண்டும், ஆனால் எங்கே?

"பாய்ஸ் ப்ளேஸ் இன் தி கிரவுண்ட்." எஸ் என்றால் பன்மை என்று மட்டும் கற்றுக்கொண்ட குழந்தை, பையன்கள் பலர், விளையாட்டும் பலமாகத்தானே நடக்கிறது என்று இரண்டிலும் வைத்துவிடுகிறது. வினையில் வரும் எஸ் ஒருமையின் அடையாளம். அது வேறு எஸ், இது வேறு எஸ். சிறு பிள்ளைகளுக்கு நான் சொல்வது, வீட்டுக்கு ஒரே ஒரு எஸ் என்று. பெயர் எடுத்துக்கொண்டால் வினைக்கு இல்லை, வினை எடுத்துக்கொண்டால் பெயருக்கு இல்லை. "தி பாய் ப்ளேஸ்." "தி பாய்ஸ் ப்ளே." குழந்தைகளுக்கும் பெண்களுக்கும், சில்ட்ரன், விமன் என்று வருவதால், இது பொருந்தாது; ஆனாலும் தொடக்கத்தில் நல்ல ஊன்றுகோல்.

"மை ஃபாதர் ஆர் வொர்க்கிங் இன் ஏ பேங்க்" என்று ஒரு பிள்ளை எழுதினால் அதை வெறும் பிழையாகப் பார்க்க எனக்கு மனம் வராது. "அப்பா வேலை பார்க்கிறாங்க" என்பதில் இருக்கும் மரியாதைப் பன்மையை அப்படியே கொண்டுபோயிருக்கிறது. ஆங்கிலத்தில் அப்பாவும் "இஸ்"தான், அதில் மரியாதைக் குறைவு ஏதும் இல்லை என்று ஒரு முறை பொறுமையாகச் சொன்னால் போதும்.

"எல்லாரும் வந்தாங்க" நமக்குப் பன்மை. "எவ்ரிபடி", "எவ்ரிஒன்", "நோபடி" ஆங்கிலத்துக்கு ஒருமை: "எவ்ரிபடி இஸ் ஹியர்." போலீஸ் தலைகீழ்: நமக்கு "போலீஸ் வந்தது", அவர்களுக்கு "தி போலீஸ் ஆர் ஹியர்." எஸ்ஸில் முடிந்தும் ஒருமையாக நடப்பவை: நியூஸ், மேத்தமேட்டிக்ஸ், ஃபிசிக்ஸ், மீசில்ஸ். "தி நியூஸ் இஸ் குட்." இன்னொரு இரட்டையர்: "ஏ நம்பர் ஆஃப் ஸ்டூடண்ட்ஸ் ஆர் ஆப்சென்ட்" என்றால் பல மாணவர்கள் வரவில்லை, "தி நம்பர் ஆஃப் ஸ்டூடண்ட்ஸ் இஸ் லோ" என்றால் எண்ணிக்கை குறைவு. ஏ வந்தால் ஆட்கள், தி வந்தால் எண்.

"ஏ லேடீஸ் கேம்"

பஸ்ஸில் காது கொடுத்தால் தினமும் கேட்கலாம்: "ஒரு லேடீஸ் ஏறுறாங்க, வழி விடுங்க." லேடீஸ், ஜென்ட்ஸ், பேரன்ட்ஸ், சாக்ஸ், ஃபீஸ், நோட்ஸ், ஸ்டெப்ஸ் இவை எல்லாம் எஸ்ஸோடு தமிழுக்குள் வந்து, ஒருமையாகவே குடியேறிவிட்டன. தமிழில் பேசும்போது இதில் ஒரு குற்றமும் இல்லை. ஆங்கிலத்துக்குத் திரும்பும்போது மட்டும் எஸ்ஸைக் கழற்ற வேண்டும்: "ஏ லேடி", "ஏ பேரன்ட்", "ஏ சாக்."

எதிர்த் திசையிலும் நடந்திருக்கிறது. எஸ்ஸை உதிர்த்துவிட்டு வந்தவை: பேண்ட், ஷூ. இரண்டு கால் உள்ளது, இரண்டு கண்ணாடி உள்ளது, இரண்டு அலகு உள்ளது எதுவும் ஆங்கிலத்தில் பன்மை: பேண்ட்ஸ், டிரௌசர்ஸ், கிளாசஸ், சிசர்ஸ், ப்ளையர்ஸ். கத்தரிக்கோல் ஒன்றே ஒன்றுதான் மேசையில் இருக்கிறது, ஆனாலும் "வேர் ஆர் தி சிசர்ஸ்?" எண்ண வேண்டுமானால் "ஏ பேர் ஆஃப் சிசர்ஸ்", அப்போது வினை "பேர்" (ஜோடி) என்ற சொல்லைப் பார்த்து ஒருமையாகும்.

கடன் சொல்லின் எஸ்ஸைத் தவறாக எடுத்துக்கொள்வது நம் ஒருவர் வழக்கம் இல்லை. ஆங்கிலேயர்களே செய்திருக்கிறார்கள். பட்டாணிக்கு அவர்கள் மொழியில் பழைய ஒருமைச் சொல் பீஸ். முடிவில் இருந்த ஒலியைப் பன்மை என்று எண்ணி அதைக் கழற்றிப் பீ என்று புதிதாக ஓர் ஒருமையைச் செய்துகொண்டார்கள். இன்று அதுதான் சரியான சொல்.

"சில்ட்ரன்ஸ்", "பீப்பிள்ஸ்", "கிரைடீரியாஸ்"

ஏற்கெனவே பன்மை, மேலே இன்னொரு எஸ். சில்ட்ரன் பழைய ஆங்கிலத்தில் ஒரு பன்மை ஈறு பெற்று, பிறகு அது பன்மை என்பதே மறந்துபோய் இன்னோர் ஈறும் ஒட்டிக்கொண்ட சொல். மூன்றாவதாக நாமும் ஒன்று வைக்க வேண்டாம். கிரைடீரியாவின் ஒருமை கிரைடீரியன், ஃபினாமினாவின் ஒருமை ஃபினாமினன். "திஸ் கிரைடீரியா" என்று அரசு அறிவிப்புகளிலேயே பார்க்கிறேன், "தீஸ் கிரைடீரியா" என்று இருக்க வேண்டும்.

பீப்பிளுக்கு எஸ் வரும் இடம் ஒன்று உண்டு. 1949 நவம்பர் 26 அன்று ஏற்கப்பட்ட நம் அரசியல் சாசனத்தின் முகப்புரை "வீ, தி பீப்பிள் ஆஃப் இந்தியா" என்று தொடங்குகிறது. 1945-ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் சாசனம் "வீ தி பீப்பிள்ஸ் ஆஃப் தி யுனைடெட் நேஷன்ஸ்" என்று தொடங்குகிறது. முதலாவதில் ஒரு நாட்டு மக்கள். இரண்டாவதில் பல நாட்டு மக்களினங்கள். பத்துப் பேர் கூடியிருந்தால் "டென் பீப்பிள்"தான். லிஃப்டில் எழுதியிருக்கும் "பர்சன்ஸ்" சட்ட நடைக்கும் அறிவிப்புப் பலகைக்கும் உரியது.

கடிதத்தின் கடைசி வரியில்

இது சிறிய இடம், ஆனால் எல்லார் கண்ணிலும் படும் இடம். வாழ்த்தும் நன்றியும் ஆங்கிலத்தில் பன்மை: "கங்ராஜுலேஷன்ஸ்", "தேங்க்ஸ்", "பெஸ்ட் விஷஸ்", "கைண்ட் ரிகார்ட்ஸ்." ஆனால் "குறித்து" என்ற பொருளில் வரும்போது "வித் ரிகார்ட் டு" என்று ஒருமையாகவே நிற்கும். முடிவில் எஸ், நடுவில் எஸ் இல்லை. பன்மைக்கு மேலே கொம்பு (அப்பாஸ்ட்ரஃபி) போடாதீர்கள். கடைப் பலகையில் எஸ்ஸுக்கு முன்னால் தொங்கும் அந்தக் காற்புள்ளி "உடைய" என்று பொருள் தருவது. இட்லிகள் என்பதற்கு அது தேவையில்லை.

எழுத்தில் சரி, பேச்சில் கேட்கவில்லை என்கிறார்கள்

எஸ் எழுத்து ஒன்று, ஒலி மூன்று. "புக்ஸ்", "கப்ஸ்" என்பதில் பாம்பு சீறும் ஒலி. "டாக்ஸ்", "பேக்ஸ்", "கேர்ள்ஸ்" என்பதில் தேனீ ரீங்கரிக்கும் ஒலி. தொண்டையில் விரலை வைத்தால் அதிர்வது தெரியும். "பஸ்", "பாக்ஸ்", "வாட்ச்" என்று ஏற்கெனவே சீறி முடியும் சொற்களுக்கு ஓர் அசை கூடும்: பஸ்ஸஸ், பாக்ஸஸ், வாட்சஸ். தமிழ்ச் சொற்கள் மெய்க்கூட்டத்தில் முடிவதில்லை என்பதால் "டெஸ்ட்ஸ்", "டெஸ்க்ஸ்" போன்றவற்றில் நம் நாக்கு கடைசி எஸ்ஸை விழுங்கிவிடும். அப்போது கேட்பவருக்கு இலக்கணப் பிழையாகப் படுகிறது. அடுத்த சொல் உயிரெழுத்தில் தொடங்கினால் எஸ்ஸை அதோடு சேர்த்துச் சொல்லிப் பழகுங்கள்: "டெஸ்க்-சண்ட் சேர்ஸ்." சில நாளில் நாக்கு ஒத்துக்கொள்ளும்.

இரண்டும் சரியாகத் தெரிகிறதே?

சில இடங்களில் இரண்டுமே சரிதான். அங்கே தேடித் தேடி நேரத்தைச் செலவழிக்காதீர்கள். "தி டீம் இஸ்" அமெரிக்காவில் வழக்கம். பிரிட்டனில் "தி டீம் ஆர்" என்றும் சொல்வார்கள். "டேட்டா இஸ்", "டேட்டா ஆர்" இரண்டும் நல்ல இதழ்களில் வருகின்றன. யுனைடெட் ஸ்டேட்ஸ் இன்று ஒருமை. ஆனால் அடிமை முறையை ஒழித்த 1865-ஆம் ஆண்டு அமெரிக்க அரசியல் சாசனத் திருத்தம் அந்த நாட்டைக் குறிக்கும்போது "தேர் ஜூரிஸ்டிக்ஷன்", அவற்றின் ஆளுகை, என்று பன்மையில்தான் எழுதியிருக்கிறது. இப்படிப்பட்ட சொல் வந்தால் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். அந்தக் கடிதம் முடியும்வரை அதையே வைத்துக்கொள்ளுங்கள்.